யார் ஹீலர் எடுக்கிறீங்க?

புது ஆட்டம் தொடங்கும் நாளில் மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கொரு வெற்று கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாள், முன்னால் இருக்கும். ஒருத்தி வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருப்பாள்: ஆளுயர வாள், கன்னத்தில் தழும்பு, அப்பாவைக் கொன்றவனைத் தேடும் பழி. இன்னொருவருக்கு நெருப்பை அள்ளி வீசும் மந்திரவாதி. மூன்றாமவருக்கு வில், கூடவே ஒரு ஓநாய். அப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "சரி, யார் ஹீலர் எடுக்கிறீங்க?" அந்த நொடியில் எல்லோருக்கும் பென்சில் சீவுகிற வேலை வந்துவிடும்.

நான் பென்சில் சீவியதில்லை. காயம்பட்ட கூட்டாளிகளை ஆற்றும் அந்த ஹீலர் வேலை எனக்குப் பிடிக்கும். ஏன் என்று யாராவது கேட்டால் "யாராவது எடுத்துத்தானே ஆகணும்" என்று தியாகிபோல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். அது பாதிப் பொய். பத்து வருடத்துக்கு மேல் இந்த மேசை ஆட்டங்களில் உழன்ற பிறகு, எனக்குப் பிடித்த பாத்திரங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தபோதுதான் மீதிப் பாதி பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒருவர் கேம் மாஸ்டர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்கள் அவரை டிஎம் என்பார்கள். உலகமும் அதில் நடமாடும் மற்ற எல்லோரும் அவர் பொறுப்பு. மீதிப் பேர் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். பலகை வேண்டாம், வேடம் வேண்டாம்.

ஹீலருக்கு வருகிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி 1974-இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மொத்தம் மூன்றே கிளாஸ், அதாவது பாத்திர வகை: ஃபைட்டிங் மேன் (போர்வீரன்), மேஜிக் யூஸர் (மந்திரவாதி), கிளெரிக் (மதகுரு). இந்தக் கிளெரிக் பிறந்த கதை வேடிக்கையானது. அச்சுக்கு வருவதற்கு முன்பே ஆர்னசன் நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தில், ஒருவருடைய பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறி, சர் ஃபாங் என்ற பெயரில் யாருக்கும் அடங்காமல் வளர்ந்துவிட்டது. அதை அடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காக வந்தவர்தான் சிலுவை ஏந்திய மதகுரு. ஆக, இன்று எல்லோரும் தட்டிக்கழிக்கும் இந்த மருத்துவர், முதலில் பேய் விரட்ட வந்தவர். அந்த 1974 விதியில் முதல் லெவல் கிளெரிக்குக்கு ஒரு மந்திரமும் கிடையாது. வெட்டும் ஆயுதத்தையும் தொடக்கூடாது. தடி, சுத்தியல் இவற்றோடு காலம் தள்ள வேண்டியதுதான். இரண்டாம் லெவலுக்கு வந்தால்தான் காயம் ஆற்றுகிற வித்தையெல்லாம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, யாரும் உட்கார்ந்து "கதைகளில் என்னென்ன வகை வீரர்கள் உண்டு" என்று பட்டியல் போட்டு அந்தக் கிளாஸை உருவாக்கவில்லை என்பது. ஒரு மேசையில் ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையின் அளவுக்கு ஓர் ஆளைச் செய்தார்கள்.

நான் ஆடியதில் எனக்கு நெருக்கமான ஹீலர் ஒரு படை மருத்துவர். வயது அறுபது. கை லேசாக நடுங்கும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஆடினோம். அந்த விதியில் ஒரு குரூரமான கணக்கு உண்டு. ஹிட் பாயின்ட், அதாவது உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பின் எண், பூஜ்யத்துக்கு இறங்கினால் ஆள் விழுந்துவிடுவார், ஆனால் சாகமாட்டார். தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் முடிந்தது கதை. இதற்கு நடுவில் யாராவது ஒரே ஒரு ஹிட் பாயின்ட் கொடுத்தால் போதும், விழுந்தவர் எழுந்து முழுப் பலத்தோடு வாளைச் சுழற்றலாம். ஒன்று இருந்தாலும் அறுபது இருந்தாலும் வெட்டு ஒரே வெட்டுதான். இதைப் புரிந்துகொண்ட ஹீலர் என்ன செய்வார்? சாதாரணக் காயத்துக்கு மந்திரத்தைச் செலவழிக்கமாட்டார். விழட்டும் என்று காத்திருப்பார். விழுந்ததும் அறுபது அடி தூரத்திலிருந்து ஒரு சொல், எழுந்துவிடுவார்கள். கணக்குப்படி அதுதான் லாபம்.

நான் அப்படித்தான் ஆடினேன், எந்த யோசனையும் இல்லாமல். ஒரு பாலத்துச் சண்டையில் என் தோழியின் வாள்வீராங்கனை மூன்று முறை விழுந்தாள். மூன்று முறையும் எழுப்பினேன். சண்டை முடிந்ததும் தோழி பாத்திரத்தின் குரலிலேயே கேட்டாள்: "நான் விழணும்னுதானே ஒவ்வொரு தடவையும் காத்துட்டிருந்தீங்க?"

மேசை அமைதியாகிவிட்டது. விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. என் மருத்துவர் கொஞ்ச நேரம் கழித்து, போர்க்களத்தில் நூறு பேர் கிடக்கும்போது யார் இன்னும் கத்துகிறார்களோ அவர்களைக் கடைசியில் பார்ப்போம், கத்த முடியாதவர்களிடம்தான் முதலில் போவோம் என்று சொன்னார். சொன்னது நான்தான், ஆனால் அந்த வாக்கியம் வாயிலிருந்து வரும்வரை அவர் அப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே தெரியாது. அடுத்த நான்கு மாதம் அந்த இருவருக்கும் நடுவில் இருந்த மனத்தாங்கலை வைத்துத்தான் எங்கள் கதையே ஓடியது. யாரும் எடுக்க விரும்பாத பாத்திரத்தில் இப்படிப் புதையல் கிடைக்கும்.

ஓட்டையை அடைக்க ஆள் வருவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1975-இல் வந்த கிரேஹாக் என்ற இணைப்பு நூலில் தீஃப் கிளாஸ் சேர்ந்தது. திருடன். பூட்டுத் திறப்பான், பொறி கண்டுபிடிப்பான், நிழலில் மறைவான். அதற்கு முன் இந்த வேலைகளை யார் செய்தார்கள்? எல்லோரும்தான். "மெதுவாகக் காலை வைக்கிறேன்", "தரையைக் கோலால் தட்டிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். திருடன் வந்ததும் மறைந்து நடப்பது திருடனின் சொத்தாகிவிட்டது. மற்றவர்கள் "எனக்கு அந்தத் திறமை ஷீட்டில் இல்லையே" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு வித்தையைக் கொடுத்தால் மற்ற நான்கு பேரிடமிருந்து அதைப் பிடுங்கியதாக ஆகிவிடுகிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் முனகுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான் என்பது என் கட்சி.

இதில் இன்னொரு கூத்து. 1978-இன் அட்வான்ஸ்டு பதிப்பில், முதல் லெவல் திருடனுக்கு நிழலில் மறைய வாய்ப்பு 10 சதவீதம். சத்தமில்லாமல் நடக்க 15. பூட்டுத் திறக்க 25. சுவர் ஏற மட்டும் 85. அதாவது பிடுங்கிக்கொண்ட வித்தையும் ஒழுங்காக வராது. ஊர்ப்பட்ட திருடர்களும் உண்மையில் பல்லிகள்தான். சுவரில் ஏறத் தெரியும், அவ்வளவே.

திருடன் பேச்சு வந்ததால் ஒரு பழைய பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிய இரண்டாவது பாத்திரம் கூலிக்குக் கொலை செய்பவன். கறுப்பு முக்காடு. யாரையும் நம்பமாட்டான். மதுக்கடையின் இருட்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். இந்த வகையை ஆடாமல் தாண்டி வந்தவர்கள் குறைவு. நான் அதை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன்போல ஆடினேன். ஒரு கோட்டைக்குள் போக வேண்டும். "நீங்க இங்கேயே இருங்க, நான் மட்டும் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினேன். ஜன்னல், கூரை, காவலன், சாவிக்கொத்து என்று டிஎம்மும் நானும் மாறி மாறிப் பேசிக்கொண்டே போனோம். எனக்கு ஒரே பரவசம். நிமிர்ந்து பார்த்தபோது நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. எதிரே இருந்த நண்பர் தன் ஷீட்டின் ஓரத்தைக் கிழித்துச் சின்னச் சின்னதாகப் படகு செய்துகொண்டிருந்தார். ஏழு படகு.

அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. போகும்போது அந்தப் படகுகளை என் பகடைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார். இன்னும் இரண்டு இருக்கின்றன.

தனித்து நிற்கும் முரடன் கதைப் புத்தகத்தில் நன்றாக இருப்பான். அங்கே வாசகன் அவனோடேயே போவான். மேசையில் அவனோடு யாரும் போக முடியாது. அவன் போன கதையைக் கேட்கத்தான் முடியும். அதற்குப் பிறகு அந்த வகையை நான் தொட்டதில்லை. கூட்டத்தில் யாராவது அதை எடுத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இவன் யாரையும் நம்பமாட்டான் சரி, எங்களில் ஒருத்தரை மட்டும் ஏன் நம்புகிறான்? அதற்குப் பதில் யோசிக்க ஆரம்பித்ததும் முக்காடு தானாகக் கழன்றுவிடும்.

பாலடின் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நேர்மை தவறாத புனித வீரர். அவர் இருக்கும் கூட்டத்தில் மற்றவர்கள் பொய் சொல்லக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கும். நல்ல பாலடின் தன்னைத்தான் கேள்வி கேட்பார், கூட்டாளியை விசாரிக்கமாட்டார். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மந்திரவாதியிடம் வருவோம். இப்போதைய மந்திரவாதிகளுக்குச் சின்ன வித்தைகள் அள்ள அள்ளக் குறையாது. பழைய விதியில் முதல் லெவல் மேஜிக் யூஸருக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அட்வான்ஸ்டு பதிப்பில் அவருடைய ஹிட் பாயின்ட்டுக்கு உருட்டுவது நான்கு முகப் பகடை. ஒன்று விழுந்தால் ஒன்று. பூனை பிறாண்டினாலே செத்துப்போகலாம். கவசமும் கிடையாது. ஒரு தடவை பழைய விதியில் ஆடலாம் என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தபோது நான் மந்திரவாதி. ஹிட் பாயின்ட் இரண்டு. கையில் இருந்தது தூங்கவைக்கும் மந்திரம். குகைக்குள் நுழைந்த பத்தாவது நிமிடமே பதற்றத்தில் அதை நான்கு எலிகள்மேல் செலவழித்துவிட்டேன். பெரிய எலிகள்தான், இருந்தாலும் எலிகள். மீதி மூன்று மணி நேரம் எனக்கு வேலை இல்லை.

வேலை இல்லாததால் வரைபடம் போட ஆரம்பித்தேன். இதையும் அந்தக் காலத்து ஆட்டம் ஒரு பொறுப்பாகவே வைத்திருந்தது. 1981-இன் பேசிக் விதிப் புத்தகத்தில், ஆட்டக்காரர்களில் ஒருவர் வரைபடம் போடுபவர். இன்னொருவர் காலர், அதாவது கூட்டம் என்ன செய்கிறது என்று எல்லோரிடமும் கேட்டு டிஎம்மிடம் சொல்பவர். இவை பாத்திரத்தின் வேலைகள் கிடையாது, பாத்திரத்தை ஆடும் ஆளின் வேலைகள். டிஎம் "முப்பது அடி வடக்கே, அங்கே கிழக்கே ஒரு கதவு" என்பார். கட்டம் போட்ட தாளில் நான் கோடு இழுப்பேன். இரண்டு மணி நேரத்தில் தாளின் நடுவில் ஒரு வெற்றிடம் தெரிய ஆரம்பித்தது. நான்கு பக்கமும் அறைகள். நடுவில் இருபதுக்கு இருபது அடி இடம், அதற்குள் யாரும் போகவில்லை, கதவும் இல்லை. "இங்கே ஏதோ இருக்கு" என்று தாளைத் திருப்பிக் காட்டினேன். டிஎம் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடி மறைந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தது திருடன், உடைத்தது ஃபைட்டர், உள்ளே இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லோரும். அந்த இரண்டு ஹிட் பாயின்ட் மந்திரவாதி அன்று உருட்டிய பகடைகள் மிகக் குறைவு. எனக்கு நினைவில் நிற்கும் மிகச் சிறந்த ஆட்டங்களில் அது ஒன்று. இன்றைக்கும் யாராவது திரையில் தயார் வரைபடத்தைத் திறந்தால் எனக்குக் கொஞ்சம் ஏக்கமாக இருக்கும்.

2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது, அதுவரை ஆட்டக்காரர்கள் ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்ததைப் புத்தகமே வாய்விட்டுச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ரோல்: டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர். தாங்குபவர், தாக்குபவர், தூக்கி நிறுத்துபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர். "வீடியோ கேம் ஆக்கிட்டாங்க" என்று பலர் திட்டினார்கள். வார்லார்ட் என்ற கிளாஸ் அதட்டியே காயத்தை ஆற்றுவதைப் பார்த்து நக்கலும் செய்தார்கள், "எழுந்திருடா!" என்று கத்தினால் ஒடிந்த விலா எலும்பு சேர்ந்துகொள்ளுமா என்று. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஹீலருக்கு லீடர் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஹீலராக ஆடி அனுபவப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும். பென்சில் சீவுகிறவர்களுக்கு அது ஒரு தூண்டில்.

டிஃபெண்டர் என்ற சொல்தான் என் கண்ணைத் திறந்தது. அந்தப் பதிப்பின் ஃபைட்டர் ஓர் எதிரியைத் தாக்கிக் குறிவைத்துவிட்டால், அந்த எதிரி ஃபைட்டரை விட்டுவிட்டு வேறு யாரையாவது அடிக்கும்போது பகடையில் இரண்டு குறையும். பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் செய்தால் ஃபைட்டரிடமிருந்து உடனடியாக ஒரு வெட்டும் விழும். அவருடைய பெரும்பலம் தான் அடிப்பதில் இல்லை. எதிரிக்கு இருக்கிற எல்லா வழியும் கெட்ட வழியாக ஆவதில் இருக்கிறது.

இதை மனதில் வைத்துத்தான் பிறகு ஐந்தாம் பதிப்பில் ஒரு வாசல்காரனை ஆடினேன். பெரிய கேடயம், அதிகம் பேசாதவன். சுரங்கத்தின் ஒடுக்கமான வாசலில் நிற்க வேண்டும். பின்னால் மற்ற நால்வரும் ஒரு பெரிய எந்திரக் கதவைத் திறக்கப் போராடுகிறார்கள். என் முறை வரும்போதெல்லாம் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "டாட்ஜ் எடுத்துக்கிட்டு நிக்கிறேன்." அதாவது இந்த முறை அடிக்கமாட்டேன், தற்காத்துக்கொண்டு மட்டும் நிற்பேன், என்னை அடிக்க வருபவர் பகடையை இரண்டு தடவை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து சுற்று நின்றேன். ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு நொடி. ஆக, அவன் நின்றது ஒரே நிமிடம். மேசையில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் நான் ஓர் அடிகூட அடிக்கவில்லை, ஆனால் ஒரு நொடிகூட ஆட்டத்துக்கு வெளியே இல்லை. எதிரி உருட்டிய ஒவ்வொரு பகடையும் என் பகடை. பின்னாலிருந்து "இன்னும் எத்தனை நேரம் தாங்குவே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஷீட்டைப் பார்க்காமலே "திறங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பதினேழு பாயின்ட் இருக்கும்போதும் அதே "திறங்க". மூன்று இருக்கும்போதும் அதே "திறங்க".

கிளாஸே இல்லாத ஆட்டங்களும் உண்டு. 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்குவதே ஓர் ஆட்டம். பதினெட்டு வயதில் கடற்படையிலோ ராணுவத்திலோ சேர்த்துவிட்டு, நான்கு நான்கு வருடமாக அவன் வாழ்க்கையைப் பகடையால் ஓட்ட வேண்டும். உயிர்பிழைக்கும் பகடை தப்பினால், ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் காலி. நான் இரண்டு பேரை அப்படி வழியனுப்பியிருக்கிறேன். தப்பிப் பிழைத்து வருபவர் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய, ஓய்வுபெற்ற, முழங்கால் வலிக்கிற ஆள். இருபது வயது வீரர்களாலேயே நிரம்பிய உலகத்தில் எனக்கு அந்த முழங்கால் வலி பெரிய ஆறுதல்.

ஆனால் கிளாஸ் இல்லாத ஆட்டங்களில் என் மனதைப் பறித்தது கோழை. சாண்டி பீட்டர்சன் உருவாக்கி 1981-இல் வெளிவந்த கால் ஆஃப் கதுல்ஹு ஒரு திகில் ஆட்டம். அதில் நீங்கள் பேராசிரியர், பத்திரிகையாளர், மருத்துவர் என்று சாதாரண மனிதர். துப்பாக்கி சுடும் திறமையைவிட நூலகத்தில் தேடும் திறமை பல நேரங்களில் உயிரைக் காக்கும். அங்கே மனநிலைக்கும் ஓர் எண் உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் குறையும். அந்த விதியின் உச்சம் இதுதான்: அந்த அமானுஷ்ய ரகசியங்களைப் பற்றிய அறிவு உங்களுக்கு எவ்வளவு சதவீதம் கூடுகிறதோ, அவ்வளவை 99-இலிருந்து கழித்தால் வருவதுதான் இனி உங்கள் மனநிலை எட்டக்கூடிய உச்ச அளவு. தெரிந்துகொண்டதற்கு நிரந்தர அபராதம். எவ்வளவு ஓய்வெடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது.

இப்படிப்பட்ட உலகத்தில் பயப்படாமல் இருப்பவன்தான் எனக்கு விசித்திரமாகத் தெரிகிறான். நான் ஆடியது ஒரு பழஞ்சுவடி ஆய்வாளர். எதற்கும் முன்னே போகமாட்டார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதைத் தாரக மந்திரமாக வைத்திருந்தார். நிலவறைப் படிக்கட்டின் மேல் நின்றுகொண்டு "நான் இங்கே விளக்கு பிடிக்கிறேன், நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். கோழையை ஆடுவதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசிவரை "வரமாட்டேன்" என்று அடம்பிடித்தால் ஆட்டம் படுத்துவிடும். அதுவும் அந்தக் கறுப்பு முக்காடும் ஒரே குற்றம்தான். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பிந்தலாம், வராமல் இருக்கக் கூடாது. நான்கு பேரும் இறங்கிய பிறகு, விளக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு புலம்பலோடு அவர் இறங்குவார். அவர் பயந்தால்தான் மற்றவர்கள் தைரியசாலிகளாகத் தெரிந்தார்கள். முரட்டுத் துப்பறிவாளரை ஆடிய நண்பர் ஒருநாள் சொன்னார், "நீ பயப்படறதைப் பார்த்துதான் எனக்கே உள்ளே ஏதோ இருக்குன்னு தோணுது."

2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய அபாகலிப்ஸ் வேர்ல்ட் இந்தப் பாத்திர வகை விஷயத்தை வேறு பக்கம் திருப்பியது. அங்கே கிளாஸுக்குப் பதில் பிளேபுக். மேசையில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. ஒருவர் எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு இல்லை. ஹார்ட்ஹோல்டர் என்ற பிளேபுக்கை எடுத்தால் உங்களுக்கு ஒரு குடியிருப்பே சொந்தம்; அதன் மக்களும் அவர்கள் பசியும் உங்கள் தலையில். 2017-இன் பிளேட்ஸ் இன் தி டார்க்கில் ஸ்பைடர் என்று ஒரு சூழ்ச்சிக்காரர் உண்டு. திட்டம் போடத் தெரியாத என்னைப்போன்றவர்களுக்கு அந்த ஆட்டம் ஒரு வரம் கொடுத்திருக்கிறது: மாட்டிக்கொண்ட பிறகு "இதை நேற்றே யோசித்து அந்தக் காவலனுக்குப் பணம் கொடுத்திருந்தேன்" என்று பின்னோக்கிப் போகலாம். அதற்குக் கொஞ்சம் மன அழுத்தத்தை விலையாகக் கட்ட வேண்டும். மூளை இல்லாமலே மூளைக்காரனாக இருப்பதன் சுகத்தை அங்கேதான் அனுபவித்தேன்.

இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பாத்திரத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஷீட்டில் கிளாஸ் என்ற இடத்தில் பார்ட் என்று இருக்கிறது. தமிழில் பாணன் என்று எழுதினால் கச்சிதமாக உட்காரும். பார்டுக்கு ஒரு வித்தை உண்டு: தன் முறையில் ஒரு பகடையை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கலாம், அவர் தேவைப்படும்போது அதை உருட்டித் தன் எண்ணோடு கூட்டிக்கொள்வார். அந்தப் பகடையைத் தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது. முதல் தடவை படித்தபோது எனக்கு ஆற்றுப்படைதான் நினைவுக்கு வந்தது. பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வெறுங்கையோடு வருபவனிடம் எந்த வழியே போனால் எந்த வள்ளல் கிடைப்பான் என்று சொல்லி அனுப்புகிறானே, அதே வேலை.

என் பாணனுக்குப் பாட வராது. மொழிகள் வரும். அவன் துபாஷி. கூட்டத்தில் மற்ற யாருக்கும் தெரியாத நான்கு மொழிகள் அவனுக்குத் தெரியும். கோப்ளினோ பூதமோ பேசினால் டிஎம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டுவார். அதைப் படித்து மற்றவர்களுக்கு நான் சொல்வேன். அவர்கள் பதிலை நான் திருப்பிச் சொல்வேன். அவ்வளவுதான் பாத்திரம்.

இந்தப் பாத்திரம் உயிரோடு இருப்பது என் சாமர்த்தியத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா மொழியும் புரியவைக்கும் முதல் லெவல் மந்திரம் ஒன்று உண்டு. எங்கள் மந்திரவாதி அதை எடுத்திருந்தால் என் துபாஷி அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன், அதை ஏன் எடுக்கவில்லை என்று. "அதை எடுத்தா நீ என்ன பண்ணுவே?" என்றார். மூன்று லெவல் தாண்டியும், ஒவ்வொரு தடவை மந்திரம் தேர்ந்தெடுக்கும்போதும், அந்த ஒன்றை அவர் தாண்டிப் போயிருக்கிறார். சொல்லவும் இல்லை. ஏழு காகிதப் படகு செய்த அதே நண்பர்தான்.

அப்போதுதான் ஹீலர் கேள்விக்கு மீதிப் பாதிப் பதில் கிடைத்தது. நான் ஆடிய மருத்துவர் அங்கே இருந்தது மற்ற நால்வரும் விழத் துணிந்ததால். வாசல்காரன் நின்றது அவர்கள் பின்னால் நிற்கச் சம்மதித்ததால். கோழை பயந்தது, யாரோ முதலில் படி இறங்கியதால். என் ஷீட்டில் இருப்பதில் பாதி அவர்கள் தங்கள் ஷீட்டில் எழுதாமல் விட்டது.

துபாஷி விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீட்டில் இருப்பதை நான் அப்படியே சொல்வதில்லை.

முதல் தடவை அது விபத்து. கோப்ளின் தலைவன் எங்கள் வாள்வீராங்கனையைப் பார்த்து மிகக் கேவலமாக ஏதோ சொன்னான். சீட்டைப் படித்தேன். அவள் கை வாளின் பிடியில் இருந்தது. எதிரில் முப்பது கோப்ளின்கள், எங்கள் பக்கம் பாதி உயிரோடு ஐந்து பேர். "உங்க வாளை ரொம்ப மெச்சிக்கிறார்" என்றேன். டிஎம் கண்ணை மட்டும் உயர்த்தினார். வாள்வீராங்கனை பெருமையோடு தலைகுனிந்து வணங்கினாள். கோப்ளின் தலைவன் அதைச் சரணாகதி என்று எடுத்துக்கொண்டு வழிவிட்டான். அதற்குப் பிறகு அந்த மக்களோடு எங்களுக்கு ஒரு நட்பே வளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதை முழுக்க நான் கட்டியது. சீட்டுகளை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. டிஎம்மைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன மாதம் வாள்வீராங்கனையை ஆடும் தோழி, "அவ்வளவு நல்ல ஜனங்க, அவங்க பாஷையை நானும் கத்துக்கப் போறேன்" என்றாள். 2014-இன் ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஒரு புது மொழி கற்க ஓர் ஆசிரியரும் 250 நாள் பயிற்சியும் வேண்டும். நாளைக்கு ஒரு பொற்காசு செலவு. ஷீட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வருகிறாள். கதைக்குள் பயணம், குளிர்காலம், முற்றுகை என்று நாட்கள் வேகமாக ஓடுகின்றன. ஆசிரியர் வேறு யார், நான்தான். கெட்ட வார்த்தைகளைத் தவிர்த்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நேற்றைய ஆட்டம் 173-ஆம் நாளில் நின்றிருக்கிறது.